உரி

சவரியம்மாள் மருமகனோடு பேசும்போது, புதிதாக வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் யாரோடு பேசுகிறாள் என்று பிடிபடாது. "காபி ஆறுது" என்பாள். "சோறு போட்டாச்சு" என்பாள். "வெளிய மூட்டமா இருக்கு" என்றால் குடையை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அர்த்தம். சொல்லுக்கு ஆள் கிடையாது. கேட்கிறவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னாசிமுத்து எடுத்துக்கொள்வான்.

மகள் ராணி இருந்தவரை இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. ஓசூருக்கு வந்தால் மாமியார் அடுப்படியிலேயே நின்றுகொண்டு, "ஏண்டி, அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு" என்பாள். அவுக கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "வேண்டாம்னு சொல்லு" என்பான் இவன். ராணி இருவரையும் பார்த்து, "எனக்குக் கூலி குடுங்கப்பா, ஓயாம தந்தி அடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சிரிப்பாள். திண்டுக்கல் பக்கம் அப்படித்தான். மருமகன் முகத்துக்கு நேரே மாமியார் வார்த்தையை வைப்பதில்லை. உடம்பு விஷயம் என்றால் சுத்தமாக வைப்பதில்லை.

ராணி மாசி மாதத்தில் மூளைக் காய்ச்சலில் போனாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம். ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த சவரியம்மாள், நினைவுப் பூசை முடியும்வரை மாப்பிள்ளைக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கினாள். அந்த நாட்களில்தான் வீட்டுக்காரம்மா நாராயணம்மா பின்கட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தாள். அறுபது வயதுக்காரிக்கு ஏன் அந்தத் துணி என்று கேட்டுவிட்டாள். வற்புறுத்தி ஓசூர் லேடி டாக்டரிடம் கூட்டிப்போனவளும் அவள்தான். திரும்பி வந்து வாசலில் நின்று, தெலுங்கும் தமிழும் கலந்து, தரையைப் பார்த்தபடி இன்னாசியிடம் சொன்னாள். கர்ப்பப்பை வாயில் புற்று. பெங்களூருக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கவேண்டும்.

சவரியம்மாளின் மகன் திருப்பூரிலிருந்து வந்து பார்த்தான். பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காத வேலை. "நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல மச்சான்" என்றான். இன்னாசி "ம்" என்றான். அவ்வளவுதான் ஏற்பாடு.

அவனை எல்லோரும் திடமான ஆள் என்று சொன்னார்கள். அடக்கத்தன்றுகூட அழவில்லை என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். சிப்காட்டில் ஒரு கம்பெனியில், முலாம் பூசும் பிரிவில் கெமிஸ்ட் வேலை. அமிலத் தொட்டிகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. முன்பு செய்த மாதிரியே இப்போதும் செய்தான். திடம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. அந்த மாதிரி இருந்தது. செய்யவேண்டியது கண்ணுக்குத் தெரிந்தது, செய்தான்.

நிரந்தரமாக இரண்டாம் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டான். காலையில் மாமியாரைப் பஸ்ஸில் ஏற்றுவான். ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், அதைத் தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மனஹள்ளி என்று ஒவ்வொன்றாக வரும். ஆஸ்பத்திரியில் பெஞ்சில் காத்திருப்பு. உள்ளே போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வர எடுக்கும் நேரம், அவன் வெளியே ஒரு டீ குடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. பிறகு மறுபடி பஸ். மத்தியானம் வீட்டில் அவளை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவான். வாரத்தில் ஐந்து நாளும் இப்படி.

பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஜன்னலோரம் அவள். அவன் இருக்கையின் மறுநுனியில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. யாராவது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால் இருவருக்குமே நிம்மதி.

கரண்ட் வைக்கும் இடத்தில் இருந்த சிஸ்டர் தார்வாட் பக்கத்துக்காரி. உருண்டை முகம், ஓயாத வாய். தமிழ் ஒரு வார்த்தை வராது. முதல் நாளே இன்னாசியைப் பார்த்து, "கன்னட பர்த்தா?" என்று கேட்டாள்.

"ஸ்வல்ப பர்த்தே" என்றான் அவன், கொஞ்சம் வரும் என்று.

அங்கேதான் பிடித்தது சனி. அவனுக்குத் தெரிந்தது தொழிற்சாலைக் கன்னடம். சாப்பாடு ஆச்சா, நாளைக்கு வா, அந்த ஸ்பேனரை எடு. ஆனால் ஐந்து வருஷமாக ஓசூரில் இருக்கிறோம், டிகிரி படித்திருக்கிறோம், தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. சிஸ்டரும் சந்தோஷப்பட்டு, ஆற்றில் வெள்ளம் வந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். அவன் கையில் சிக்கியதைப் பிடித்தான். 'நீரு ஜாஸ்தி' சிக்கியது. 'காரா பேடா' சிக்கியது. கடைசியாக, விரலை ஆட்டி எச்சரித்து, "உரி பந்த்ரெ தட்சண ஹேளி" என்றாள்.

அவன் மாமியாரின் பக்கம் திரும்பி, அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துச் சொன்னான்: "தண்ணி நெறைய குடிக்கணுமாம். காரம் கூடாதாம். தோல் உரிஞ்சா உடனே சொல்லணுமாம்."

அதற்கு முன்பே டாக்டர் இங்கிலீஷில் அவனிடம் சொல்லியிருந்தார். கரண்ட் படும் இடத்தில் தோல் கறுக்கும், சில பேருக்கு உரியும். அதுவும் இதுவும் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்திவிட்ட பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி.

"பேதி ஆகுத்தா அஜ்ஜி?" என்பாள் சிஸ்டர். பேதி என்றால் இரண்டு மொழியிலும் பேதிதான். சவரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "கொஞ்சம்" என்று விரலால் காட்டுவாள். மாத்திரை வரும்.

"உரி இதெயா?"

"தோல் உரியுதான்னு கேக்குறாங்க" என்பான் இன்னாசி சுவரைப் பார்த்து.

"இல்ல."

'இல்ல' என்பதும் இரண்டு மொழிக்கும் பொதுச் சொத்து. சிஸ்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்காததைத் தானாகச் சொல்லும் பழக்கம் சவரியம்மாளுக்கு இல்லை. அதுவும் மருமகன் வாய் வழியாக.

சில வாரங்களில் அவள் பாதியானாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. இன்னாசி காலையில் பிடித்துவைக்கும் மண்பானைத் தண்ணீர் மறுநாள் காலையிலும் கழுத்துவரை நின்றது. மோர் கலக்கி வைத்தால் மோரும் நின்றது. பஸ்ஸில் முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதடு அசைய உட்கார்ந்திருப்பாள். செபமாலை சொல்கிறாள் என்று நினைத்தான். வீட்டில் குளியலறைக்குள் போனால் குழாயைத் திறந்து பக்கெட்டில் சத்தமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு வெகுநேரம் இருப்பாள். வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். நோய் அப்படி, வைத்தியமும் அப்படி, வயசும் ஆகிறது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனா தேவல."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தான்."

"கரண்ட்?"

"போதும்னு தோணுது."

பாதிதான் முடிந்திருந்தது. நடுவில் நிறுத்தினால் வைத்ததும் வீண், கட்டி இன்னும் வேகமாகத் திரும்பும், அதற்குப் பிறகு கரண்டும் கேட்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்னாசி அதை அப்படியே சொன்னான். அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இருக்கட்டும். ஆண்டவர் விட்ட வழி."

"வலிக்குதா?"

"வயசான கட்டைக்கு எங்க வலிக்கல."

இரு என்று கையைப் பிடித்து நிறுத்தவேண்டிய மனுஷி, ராணியைப் போலவே, போகிறேன் என்கிறாள். போகிறவர்களை நிறுத்திவைத்து அவனுக்குப் பழக்கம் இல்லை. திருப்பூருக்குத் தகவல் சொல்லிவிடலாம், சேலம் வரை தானே கொண்டுபோய்ப் பஸ் மாற்றி ஏற்றிவிடலாம் என்று மனதுக்குள் ஏற்பாடு ஓட ஆரம்பித்தது. ஏற்பாடு செய்வதில் அவன் கெட்டிக்காரன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை, எழுந்திருக்கவில்லை. அவன் மத்தியானம் ஷிப்டுக்குப் போனான்.

தேநீர் இடைவேளையில் கேண்டீனில் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்தான். எதிரில் ஃபிட்டர் திம்மப்பனும் எலக்ட்ரீஷியன் முனிராஜும். திம்மப்பன் தொரப்பள்ளிப் பக்கம், வீட்டில் கன்னடம். முனிராஜ் சூளகிரி, வீட்டில் தெலுங்கு. சண்டை போடுவதற்கு மட்டும் இருவரும் தமிழுக்கு வருவார்கள். ஸ்டோர்ஸில் இருக்கும் சாந்த் பாஷா அன்று புது ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தான்.

"கலரப் பாத்தியா? பச்சோந்தி மாதிரி" என்றான் முனிராஜ். "அதுவும் பெட்ரோல் குடிக்குமாம், எருமை தண்ணி குடிக்கிற மாதிரி."

"உனக்கென்னடா, நீயா ஊத்தப்போற?"

"ஒரு நியாயம் சொன்னேன்."

"நியாயமா? அப்ப ஸ்டாண்டுல போயி சீட்டத் தடவித் தடவிப் பாத்தது யாரு, எங்கப்பனா?" திம்மப்பன் இன்னாசியின் பக்கம் திரும்பினான். "நோடி சார், இவனுக்கு ஹொட்டெ உரி. வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கென்னடா உரி? நடந்து போற சுகம் அவனுக்கு வருமா?"

"என்ன உரி?" என்றான் இன்னாசி.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் கேண்டீனில் வாயைத் திறக்காதவர்.

"ஹொட்டெ உரி சார். வயித்தெரிச்சல். பொறாமை."

"ஹொட்டென்னா வயிறு. உரின்னா?"

"உரின்னா எரிச்சல்தான். மொளகா கிள்ளுன கைய கண்ணுல வெச்சா பத்திக்கிட்டு வருமே, அது உரி. உங்க தொட்டியில இருக்கிற சரக்கு மேல பட்டா உரி."

"தோல் உரியறதில்லையா?"

"தோலு எதுக்கு சார் நடுவுல? அது சுலி. வாழப்பழத்த சுலியறது, ஆட்ட சுலியறது. இது உரி." திம்மப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வெயில் காலத்துல ஒண்ணுக்குப் போனா சுருசுருன்னு எரியும் பாருங்க, அதுக்கும் உரின்னுதான் பேரு. உரிமூத்ரன்னே சொல்வோம்."

"சாருக்குத்தான் போலடா" என்றான் முனிராஜ். "வாழத்தண்டுச் சாறு குடிங்க சார், கல்லு தானா வந்து விழும்."

இன்னாசி டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்தான். முனிராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டானா, சொல்லிவிட்டு வந்தானா என்பது பிற்பாடு அவனுக்கே சரியாக நினைவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றாகத் தானாக வந்து உட்கார்ந்தது. நிறைந்தே நிற்கும் பானை. பஸ் கம்பியை இறுக்கிய கை. அது செபமாலை இல்லை. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் அவள் எதை மறைத்தாள் என்பது. நாள் தவறாமல் ஒரு பெண் வந்து, எரிகிறதா எரிகிறதா என்று கேட்டிருக்கிறாள். நாள் தவறாமல் இவன் நடுவில் நின்று அந்தக் கேள்வியைத் திருப்பிவிட்டிருக்கிறான்.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் நேராக நாராயணம்மா வீட்டுப் பக்கம்தான் போனான். பெண் பிள்ளை கேட்கவேண்டிய கேள்வி. முதல் தடவை அவள்தான் கேட்டாள், இப்போதும் அவள் கேட்கட்டும். உள்ளே அவள் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. கதவைத் தட்டக் கையை ஓங்கினான். அப்படியே நின்றான். இவன் தமிழில் சொல்லி, அவள் தெலுங்கில் புரிந்துகொண்டு, பாதித் தமிழில் போய்க் கேட்டு, பதிலை மறுபடி கொண்டுவந்து. ஒரு வார்த்தை ஒரு வாய் தாண்டியதற்கே இந்தக் கதி. கையை இறக்கிக்கொண்டான்.

சவரியம்மாள் தரையில் உட்கார்ந்து ஒயர் கூடையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நேரமில்லாத நேரத்தில் அவனைக் கண்டதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.

"வேலை சீக்கிரமே விட்டாச்சா" என்றாள் கூடையிடம்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். சுவரைப் பார்க்கவில்லை.

"அத்தை, ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா?"

அவள் கை சேலை மேல் அப்படியே நின்றது. முகம் ஒரு மாதிரி இறுகி, கழுத்துவரை சிவந்தது. தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கிளீனர் "வா வா வா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"இதென்ன பேச்சு" என்றாள் கடைசியில்.

"அந்த சிஸ்டர் தெனமும் கேட்டது இதத்தான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அவ தோல் உரியுதான்னுல்ல கேட்டா."

"உரின்னா கன்னடத்துல எரியறது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. எரியுதா, எரியுதான்னுதான் கேட்டிருக்காங்க."

"தெனமுமா?"

"தெனமும்."

சவரியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படி நேராகப் பார்த்தது அவனுக்கு நினைவில்லை.

"நான் இல்லை இல்லைன்னுல்ல சொன்னேன்."

"ஆமா."

"அட சேசுவே" என்றாள். பிறகு குரல் தாழ்ந்துபோய், "நெருப்பக் கொட்டுன மாதிரி எரியுது மாப்ள" என்றாள்.

சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. இரண்டாம் வாரமே தொடங்கிவிட்டது. சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ஒவ்வொரு சொட்டுக்கும் உயிர் போய்ப் போய் வரும். தண்ணீர் குடித்தால்தானே போகவேண்டும் என்று தண்ணீரைக் குறைத்தாள். பஸ்ஸில் எங்கே போவது, யாரிடம் சொல்வது. குறைத்தால் இன்னும் எரிந்தது. "உள்ளுக்குள்ள கரண்ட் வெச்சு எரிக்கிறாங்க, எரியத்தானே செய்யும்னு இருந்தேன். வைத்தியமே அதுதானாக்கும்னு. தாங்குறவ பொழைப்பா, தாங்காதவ போவான்னு நெனச்சேன். எனக்குத் தாங்கல. அதான் ஊருக்குப் போறேன்னேன்."

"சொல்லியிருக்கலாமே" என்றான். சொன்ன உடனே அந்த வார்த்தை அவனுக்கே பிடிக்கவில்லை.

"யார்கிட்ட? ராணி இருந்தா சொல்லியிருப்பேன்."

மாசி மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவன் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"குடிங்க. எரியும். எரிஞ்சாலும் குடிக்கணும். நாளைக்கே மருந்து வாங்கிடலாம்."

அவள் செம்பைப் பார்த்தாள். "குடிச்சா, இப்ப உடனே போகணும்" என்றாள்.

"போங்க. நான் வெளிய இருக்கேன். குழாயத் தொறக்க வேண்டாம்."

சனிக்கிழமை கரண்ட் கிடையாது, ஆனால் சிஸ்டர் இருந்தாள். இன்னாசி அவள் கேட்கும் முன்பே, "உரி இதெ சிஸ்டர்" என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்தே என்று சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனைத் திட்டினாள். அந்தக் கன்னடம் ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குப் புரிந்தது. தமிழில் உரி என்றால் என்ன என்று இவன் கையால் வாழைப்பழம் உரித்துக் காட்டினான். அவள் வாயில் கையை வைத்தாள். பிறகு சவரியம்மாளின் கன்னத்தைத் தடவி, "அய்யோ அஜ்ஜி, அஜ்ஜி" என்றாள்.

சோதனையில் சிறுநீரில் சீழ் இருந்தது. அதற்கு மாத்திரை, எரிச்சலுக்குத் தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு மருந்து. பார்லிக் கஞ்சி, மோர், இளநீர். ஒருபோதும் அடக்கக் கூடாது. ஒரு வாரம் கரண்டை நிறுத்தி, தேறிய பிறகு மீதியைத் தொடரலாம், இந்த இடைவெளியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்கே போயிருக்கும் என்பதையும் சொன்னார். இன்னாசி அதை மட்டும் மாமியாரிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனபோது சிஸ்டர் கேள்வியை மாற்றிக்கொண்டிருந்தாள். சுட்டுக்கொண்ட விரலை ஊதுவது போல "உஃப் உஃப்" என்று ஊதிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவாள். சவரியம்மாள் இரண்டு விரலால் கடுகளவு காட்டுவாள். சில நாள் கடுகு, சில நாள் கொட்டைப்பாக்கு. பெண்கள் இருவருக்கும் நடுவில் அவனுக்கு வேலை இல்லாமல் போனது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்ததும் வேறு கஷ்டம் வந்தது. பஸ்.

கரண்ட் மறுபடி தொடங்கிய சில நாளில், தருமபுரி போகும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். இரண்டு பேர் உட்காரும் இருக்கைதான் கிடைத்திருந்தது, நடுவில் இடம் இல்லை. பொம்மனஹள்ளி தாண்டிச் சிறிது தூரத்தில் அவள் கம்பியைப் பிடித்தாள். அவன் பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"மாப்ள, நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

அவன் எழுந்து கூட்டத்துக்குள் நுழைந்து கண்டக்டரிடம் போனான்.

"இங்கெல்லாம் ஸ்டாப் இல்ல சார். கொஞ்ச நேரத்துல ஓசூர் வந்துரும், அடக்கிக்கச் சொல்லுங்க."

"அடக்கக் கூடாது. வைத்தியத்துல இருக்காங்க. நிறுத்துங்க."

கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தான். ரோட்டோரம் தைலமரத் தோப்பு. அவளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தோப்பு விளிம்புவரை கூட்டிப்போய்விட்டு, அவன் பஸ் படிக்கட்டுக்குத் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவளுக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி மரங்களுக்குள் போனார்கள்.

முன் இருக்கையில் மடியில் கைப்பெட்டி வைத்திருந்த ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆளாளுக்கு நெனச்ச எடத்துல நிறுத்துனா எப்ப ஊர் போய்ச் சேர்றது? வயசான காலத்துல வீட்டோட கெடக்கணும். இழுத்துக்கிட்டு அலையுறானுங்க" என்றார் பொதுவாக.

இன்னாசி திரும்பினான்.

"யாரு வீட்டோட கெடக்கணும்?"

"உங்களச் சொல்லல சார், பொதுவா..."

"பொதுவா என்ன பொதுவா? யாரு கெடக்கணும்? எதுக்குக் கெடக்கணும்?" குரல் எங்கிருந்தோ ஏறிக்கொண்டு வந்தது. அது தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. "உனக்கு அவசரம்னா எறங்கி நடய்யா. நட. இந்த பஸ் நிக்கும். அவங்க வர்ற வரைக்கும் நிக்கும். சாயங்காலம் ஆனாலும் நிக்கும்!" படிக்கட்டுக் கம்பியில் ஓங்கி அறைந்தான். கை விண்ணென்று வலித்தது. பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

"விடுங்க சார், விடுங்க" என்று கண்டக்டர் நடுவில் வந்தான். "பெரியவரே, நீங்களும் சும்மா இருக்கமாட்டீங்களா? உங்க வீட்டுல பொம்பளைங்களே இல்லியா?"

கைப்பெட்டிக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னாசிக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. துடைத்தால் மறுபடி வந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே தோப்பிலிருந்து அவள் சருகை மிதித்துக்கொண்டு, மற்ற இரண்டு பெண்களின் தோளைப் பிடித்தபடி வந்தாள்.

"யாரு கத்துனது? அங்கவரைக்கும் கேக்குது."

"நான்தான்."

"நீங்களா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். "ஏறுங்க, ஏறுங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று முதலில் அவனைத்தான் ஏறச் சொன்னாள்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகத் தைல வாசனை வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சவரியம்மாள் அவன் பக்கம் சாய்ந்து, பின் இருக்கைக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"குடிச்ச தண்ணி இன்னும் மிச்சம் இருக்கு மாப்ள. மறுபடி வரும். ஜூஜுவாடியில வண்டி எப்படியும் நிக்கும்ல, அங்க எறங்கிக்கலாமா?"

"அங்க மறைப்பு இல்ல, பூரா லாரிக்காரங்க. அத்திப்பள்ளியில டீக்கடைக்குப் பின்னால ஒரு எடம் இருக்கு. நான் கண்டக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுறேன்."

"அதுக்குள்ள வந்துட்டா?"

"வந்துட்டா சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள்.